அடுப்படியிலேயே முழுத்தானிய பியர்: கைகொடுக்கும் சின்னச் சின்னக் குறிப்புகள்

டின் மால்ட்டைக் கரைத்து, ஈஸ்ட்டைத் தூவி, சில தடவை பியர் போட்டுப் பழகிய நண்பர்களுக்கு அடுத்து வரும் ஆசை, மால்ட் தானியத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பதுதான். மூன்று பெரிய பாத்திரம், பம்ப், செம்புச் சுருள் என்று செலவுக் கணக்குப் போட்டுத் தயங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் பிரபலமாக்கிய ‘ப்ரூ இன் எ பேக்’ முறைக்கு ஒரு பெரிய பானையும் ஒரு துணிப்பையும் போதும். இங்கே ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு பியர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு. உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது அங்கே குற்றம். அதனால் இந்தக் குறிப்புகள் அனுமதி உள்ள நாடுகளில் வாழும் பெரியவர்களுக்கு மட்டும்.

1. கிட்டில் 23 லிட்டர் போட்டுப் பழகியிருந்தாலும், தானியத்தில் முதல் தடவை 10 லிட்டரோடு நிறுத்துங்கள். வீட்டு அடுப்பு அந்த அளவைத் தாராளமாகக் கொதிக்க வைக்கும், பையை ஒருவரே தூக்கிவிடலாம். புது முறையைக் கற்றுக்கொள்ள 13 நீளப் புட்டி பியர் போதும்.

2. பானை 19 அல்லது 20 லிட்டர் பிடிக்க வேண்டும். விருந்துக்கு பிரியாணி செய்யும் பெரிய எவர்சில்வர் பாத்திரம் வீட்டில் இருந்தால் அதுவே போதும். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வேகமாக ஆவியாகும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. கடைப் பைக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஜன்னல் திரைக்கு விற்கும் பாலியஸ்டர் வாயில் துணியில் ஒன்றரை மீட்டர் வாங்கி, பானை முழுவதும் உள்ளே அடங்கும் அளவுக்குப் பெரிதாகத் தைத்துக்கொள்ளுங்கள். அடியில் இரட்டைத் தையல் போட்டால் நனைந்த தானியத்தின் கனத்தைத் தாங்கும். சாயம் போட்ட துணி மட்டும் வேண்டாம்.

4. முதல் பியருக்கு ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ் போதும். பேல் மால்ட் 2.4 கிலோ, கேஸ்கேட் ஹாப்ஸ் 40 கிராம், ஏல் ஈஸ்ட் ஒரு பொட்டலம் என்றால் சுமார் 4.5 சதவீத ஆல்கஹால் உள்ள பேல் ஏல் கிடைக்கும். ஆறேழு வகை மால்ட்டைக் கலந்தால் எந்தச் சுவை எதிலிருந்து வந்தது என்றே தெரியாது. பணமும் கூடுதலாகும், மிச்சம் மிச்சமாக அலமாரியில் பொட்டலங்களும் தங்கும்.

5. எவ்வளவு தண்ணீர் வைப்பது என்பதுதான் எல்லோருக்கும் வரும் குழப்பம். கடைசியில் வேண்டியது 10 லிட்டர், தானியம் குடிப்பது சுமார் 2, ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாவது சுமார் 3, அடிமண்டிக்கு 1, ஆக 16 லிட்டர். ஆவியாகும் அளவு அடுப்புக்கு அடுப்பு மாறும் என்பதால், ஒரு நாள் வெறும் தண்ணீரை அரை மணி நேரம் கொதிக்கவிட்டு அளந்து பாருங்கள். அந்த ஒரு எண் தெரிந்துவிட்டால் பிறகு எந்தக் கணக்கும் பிசகாது.

6. மரக்கரண்டியின் காம்பில் லிட்டர் லிட்டராகக் கோடு கிழித்து வையுங்கள். பானையில் செங்குத்தாக நிறுத்தினால் எவ்வளவு இருக்கிறது என்று நொடியில் தெரியும். அளவுகோடு போட்ட விலையுயர்ந்த பானை தேவையே இல்லை.

7. குழாய்த் தண்ணீரில் குளோரின் மட்டும் இருந்தால் கொதியில் போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது. அது மால்ட்டோடு சேர்ந்தால் பியரில் மருந்து வாடை, பிளாஸ்டர் வாடை அடிக்கும். ஒரு கேம்டன் மாத்திரையில் கால் பங்கை நசுக்கி 16 லிட்டரில் கலந்தால் சில நிமிடங்களில் இரண்டுமே காலி. நூறு மாத்திரை உள்ள டப்பா வாங்கினால் வருடக்கணக்கில் வரும்.

8. மால்ட்டை வாங்கும் கடையிலேயே உடைத்துத் தரச் சொல்லுங்கள், பையில் காய்ச்சப் போகிறேன் என்றும் சொல்லுங்கள். பை வடிகட்டிக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் நைசாக உடைக்கலாம், சர்க்கரையும் கூடுதலாக இறங்கும். அவசரத்துக்கு மிக்ஸியில் பல்ஸ் கொடுத்தும் உடைக்கலாம். கோதுமை ரவைப் பதத்தில் நிறுத்திவிடுங்கள், மாவாக்கிவிடாதீர்கள்.

9. உடைத்த மால்ட்டை இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். உடைக்காத மால்ட் காற்றுப் புகாத டிரம்மில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். முறை பிடித்துப் போனால், 25 கிலோ மூட்டையாக வாங்கி நாலு நண்பர்கள் பிரித்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு நல்ல லாபம். ஆனால் அரிசிக்குப் போடுவதுபோல் வேப்பிலை, மிளகாய் எதையும் உள்ளே போட வேண்டாம், வாசனை ஏறிவிடும்.

10. முந்தைய இரவே தண்ணீரைப் பிடித்து, தானியத்தை நிறுத்து, ஹாப்ஸை மூன்று கிண்ணத்தில் பிரித்து வைத்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் அடுப்பைப் பற்றவைப்பது மட்டும்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் முடிந்துவிடும்.

11. 16 லிட்டர் தண்ணீர் அடுப்பில் மட்டும் சூடாவதற்குக் காத்திருக்காதீர்கள். பாதியை அடுப்பிலும் மீதியை எலெக்ட்ரிக் கெட்டிலில் இரண்டு மூன்று தடவையாகவும் காய்ச்சி ஊற்றினால் நேரம் நன்றாகவே மிச்சமாகும்.

12. தண்ணீர் 70 டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத் தானியத்தைப் போடுங்கள். அறைச் சூட்டில் இருக்கும் தானியம் விழுந்ததும் கலவை தானாகவே 67 டிகிரிக்கு இறங்கிவிடும். நமக்கு வேண்டிய சூடும் அதுதான்.

13. எல்லாவற்றையும் ஒரே கொட்டாகக் கொட்டினால் உள்ளே உலர்ந்த மாவு உருண்டைகள் நின்றுவிடும், அதில் உள்ள மாவுச்சத்து வீணாகும். ஒருவர் தூவ, இன்னொருவர் பெரிய விஸ்க்கால் கிளறினால் கட்டி விழாது. உதவிக்கு ஆள் இல்லையென்றால் ஒரு கப், ஒரு கிளறல் என்று நிதானமாகப் போடுங்கள்.

14. இந்தச் சூட்டுக்கு ஏன் இவ்வளவு கவனம் என்றால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் இரண்டு இருக்கின்றன. 62 முதல் 65 டிகிரியில் ஈஸ்ட் முழுவதும் தின்றுவிடும் சர்க்கரை அதிகம் வரும், பியர் இலேசாக இருக்கும். 68, 69 பக்கம் போனால் ஈஸ்ட் தொடாத சர்க்கரை மிஞ்சும், வாய்க்கு நிறைவாக இருக்கும். முதல் தடவை நடுவில் நிற்பதுதான் நல்லது. ஒரு டிகிரி கூடிக் குறைந்தால் பியர் கெட்டுவிடாது, சுவைதான் கொஞ்சம் மாறும்.

15. கையெட்டும் தூரத்தில் ஒரு கெட்டில் கொதிநீரும் ஒரு சொம்பு குளிர்ந்த நீரும் வைத்துக்கொள்ளுங்கள். சூடு தவறினால் உடனே சரிசெய்ய அதுவே போதும். 70 டிகிரியைத் தாண்டிவிட்டால் மட்டும் தாமதிக்காதீர்கள், சர்க்கரையாக்கும் நொதிகளில் ஒன்று அங்கே சீக்கிரமே செயலிழந்துவிடும்.

16. மாஷ் நடக்கும்போது, அதாவது தானியம் வெந்நீரில் ஊறும்போது, அடுப்பை மறுபடி பற்றவைக்க நேர்ந்தால் பை அடியில் ஒட்டித் தீய்ந்துபோகும். தண்ணீர் ஊற்றும்போதே பானை அடியில் ஒரு இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

17. மூடியைப் போட்டு, பழைய கம்பளியால் பானையைச் சுற்றி மூடிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும். அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் சூட்டைக் களவாடும், பாதி நேரத்தில் ஒருமுறை கிளறினால் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் காலை டிபனையே முடித்துவிடலாம்.

18. சர்க்கரையாக மாறிவிட்டதா என்ற சந்தேகமா? ஒரு ஸ்பூன் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு, முதலுதவிப் பெட்டியில் இருக்கும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் இருக்கிறது, கால் மணி நேரம் விடுங்கள். அயோடின் நிறத்திலேயே நின்றால் வேலை முடிந்தது. சோதித்த சாற்றைக் கீழே கொட்டிவிடுங்கள், பானையில் திரும்ப ஊற்றக் கூடாது.

19. பையைத் தூக்கியதும் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். கண்ணுள்ள வடிதட்டைப் பானையின் வாயில் வைத்து அதன்மேல் பையை உட்கார வையுங்கள், தானே வடியும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பிழியலாம், பியர் துவர்த்துவிடும் என்று பயப்பட வேண்டாம். துவர்ப்பு வருவது பெரும்பாலும் அதிகச் சூட்டாலும் தண்ணீரின் காரத்தன்மையாலும்தான்.

20. பானை சிறிதாக இருந்தால் 2 லிட்டர் தண்ணீரைத் தனியே நிறுத்திவைத்து, 75 டிகிரிக்குச் சூடாக்கி, வடிதட்டில் இருக்கும் பைமேல் மெல்ல ஊற்றுங்கள். தானியத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் கழுவிக்கொண்டு இறங்கும். பானை வழியாது, சாறும் கெட்டியாகக் கிடைக்கும்.

21. பிழிந்த தானியத்தைக் குப்பையில் போடாதீர்கள். கோழி வளர்க்கும் அக்கம்பக்கத்தார் இருந்தால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள், மறுநாள் புளித்துவிடும். மீதியை ஓவனில் குறைந்த சூட்டில் நன்றாக உலர்த்தி, மிக்ஸியில் பொடித்து, சப்பாத்தி மாவில் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். நார்ச்சத்தும் வறுத்த மணமும் சேரும். உமியும் சேர்ந்து அரைபடுவதால் சலித்துப் போடுவது நல்லது.

22. ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவு குறித்தது. சூடான சாற்றில் விட்டால் தவறாகக் குறைத்துக் காட்டும். ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் சாற்றை எடுத்துக் குளிர்ந்த நீரில் உட்கார வைத்தால் சில நிமிடத்தில் அளக்கலாம்.

23. ஈஸ்ட் போடும் முன் அளவு 1.045 பக்கம் இருக்க வேண்டும். குறைந்தால் கவலை வேண்டாம்: உலர் மால்ட் பொடி 100 கிராம் சேர்த்தால் 10 லிட்டரில் சுமார் 4 புள்ளி ஏறும். அதற்காகவே ஒரு அரை கிலோ பாக்கெட்டை அலமாரியில் வைத்திருங்கள். முதல் தடவை எல்லோருக்கும் கொஞ்சம் குறையத்தான் குறையும்.

24. சாறு முதலில் கொதி வரும் அந்த இரண்டு நிமிடம் பானையை விட்டு நகராதீர்கள். நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தால் துடைக்க அரை நாள் ஆகும். இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே புட்டியை வைத்துக்கொண்டு நுரைமேல் அடித்தால் அப்படியே அடங்கும். ஹாப்ஸ் போடும்போதும் ஒருமுறை பொங்கும், அப்போதும் தயாராக இருங்கள்.

25. கொதிக்கும்போது மூடி வேண்டாம். மால்ட்டில் இருந்து எழும் வேகவைத்த சோளத்தின் வாடை ஆவியோடு வெளியே போக வேண்டும். எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

26. கசப்பு வருவது நீண்ட கொதியில், மணம் தங்குவது குறுகிய கொதியில். அதனால் 15 கிராம் ஹாப்ஸைக் கொதி தொடங்கியதும், 10 கிராமைக் கடைசி 10 நிமிடத்திலும், மீதி 15 கிராமை அடுப்பை அணைத்ததும் போடுங்கள். கேஸ்கேட் கிடைக்காமல் வேறு வகை வாங்கினால் பாக்கெட்டில் ஆல்ஃபா அமிலச் சதவீதத்தைப் பாருங்கள். கேஸ்கேட்டில் அது சுமார் 6. ஆஸ்திரேலிய கேலக்ஸியில் 13, 14 என்று இருக்கும். அப்படியானால் முதல் பங்கைப் பாதியாகக் குறையுங்கள்.

27. மிஞ்சிய ஹாப்ஸைக் காற்றை வெளியேற்றிக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் பாலாடைக்கட்டி வாடை வந்துவிடும்.

28. வீட்டில் நாய் இருந்தால் கொதித்த ஹாப்ஸை உரக்குழியில்கூடத் திறந்து போடாதீர்கள். அது நாய்க்குக் கொடிய விஷம், உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறும். கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டு மூடிவிடுவதே பாதுகாப்பு.

29. சாற்றை ஆறவைக்கச் செம்புச் சுருள் வேண்டாம், பாத்திரம் கழுவும் தொட்டி போதும். முதலில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, சூடேறியதும் மாற்றி, இப்படி இரண்டு தடவை செய்த பிறகே ஐஸ் போடுங்கள். கொதிக்கிற பானைக்கு ஐஸ் போட்டால் ஐஸ்தான் வீண். அவ்வப்போது சுத்தமான கரண்டியால் கலக்கினால் சீக்கிரம் இறங்கும்.

30. தண்ணீரை மிச்சம் பிடிக்க இன்னொரு வழி, ஆஸ்திரேலியர்கள் வழக்கமாகச் செய்வது. கொதிக்கக் கொதிக்க அந்தச் சூட்டைத் தாங்கும் உணவுத் தர எச்டிபிஈ கேனில் ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, தானாக ஆறவிடுவார்கள். இப்படிச் செய்தால் ஹாப்ஸ் சூட்டிலேயே கிடப்பதால் கசப்பு கொஞ்சம் ஏறும். கடைசிப் பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். மறுநாளே ஈஸ்ட்டைப் போட்டுவிட வேண்டும், நாள் கடத்தக் கூடாது.

31. கொதிக்கும் முன் தொடும் பாத்திரங்கள் சுத்தமாக இருந்தால் போதும். கொதி அடங்கிய பிறகு சாற்றைத் தொடும் எல்லாமே கிருமிநீக்கம் செய்ததாக இருக்க வேண்டும். இந்த ஒரு கோட்டை மனதில் போட்டுக்கொண்டால் பாதிக் கழுவல் வேலை குறையும்.

32. கழுவுவதற்கு ப்ரூயிங் கடைப் பொடிக்கு அதிக விலை கொடுக்க வேண்டாம். சூப்பர்மார்க்கெட்டில் துணி ஊறவைக்க விற்கும், வாசனை சேர்க்காத சோடியம் பெர்கார்பனேட் பழைய கறையை எல்லாம் எடுத்துவிடும், நன்றாக அலசிவிடுங்கள். கிருமிநீக்கத்துக்கு ஸ்டார் சான் லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்து ஸ்ப்ரே புட்டியில் வைத்தால் வாளி வாளியாகக் கரைக்க வேண்டியதில்லை. அலசவும் வேண்டாம், நுரை இருந்தாலும் அப்படியே விடலாம்.

33. ஆறிய சாற்றை உயரத்திலிருந்து சலசலவென்று ஊற்றி, வாளியை மூடி நன்றாகக் குலுக்குங்கள். ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் வேண்டும், கொதியில் அதெல்லாம் போயிருக்கும். சாறு சூடாக இருக்கும்போது மட்டும் குலுக்க வேண்டாம்.

34. உலர் ஈஸ்ட் பொட்டலம் 11.5 கிராம், 20 லிட்டருக்கே போதுமானது. 10 லிட்டருக்கு அரைப் பொட்டலம் போதும் என்றாலும், திறந்த பொட்டலத்தை வைத்து ஆபத்தை வாங்குவதைவிட முழுவதையும் போடுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அடுத்த குறிப்பில் இருக்கிறது.

35. அடிலெய்டின் கூப்பர்ஸ் பேல் ஏல், ஸ்பார்க்ளிங் ஏல் புட்டிகளின் அடியில் படிந்திருப்பது உயிருள்ள ஈஸ்ட். இரண்டு மூன்று புட்டியைக் கலக்காமல் ஊற்றிக் குடித்துவிட்டு, அந்த வண்டலை, உலர் மால்ட் 20 கிராமை 200 மில்லி தண்ணீரில் கொதிக்க வைத்து ஆற்றிய கரைசலில் சேருங்கள். இரண்டு நாளில் நுரைக்கும். பிறகு அதே விகிதத்தில் ஒரு லிட்டர் கரைசலுக்கு மாற்றினால் 10 லிட்டருக்குத் தேவையான ஈஸ்ட் தயார். காய்ச்சும் நாளுக்கு ஐந்து நாள் முன்பே தொடங்கிவிடுங்கள்.

36. ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி இதம். குளிர்சாதனப் பெட்டி தனியாக வேண்டாம்: அகலத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, வாளியை நிறுத்தி, பழைய டீசர்ட்டை மாட்டிவிட்டு அதன் ஓரம் தண்ணீரில் நனையும்படி விடுங்கள். காலை மாலை உறைந்த தண்ணீர்ப் புட்டி ஒன்றைத் தொட்டியில் போட்டால் கோடையிலும் சமாளிக்கலாம். முதல் மூன்று நாள்தான் முக்கியம், சூட்டில் பொங்கும் ஈஸ்ட் காரமான ஸ்பிரிட் வாடையைக் கொடுத்துவிடும்.

37. வெயில் அதற்கும் அடங்காது என்றால் நார்வேயின் பண்ணைவீட்டு ஈஸ்ட்டான க்வைக் வாங்குங்கள். 30 டிகிரிக்கு மேலேயும் சுத்தமாகப் புளிக்கும், நாலைந்து நாளில் வேலையை முடித்துவிடும்.

38. காற்றுக் குமிழி நின்றதை வைத்துப் புட்டியில் அடைக்காதீர்கள். ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும், பெரும்பாலும் 1.010 பக்கம். முடியாத பியரை அடைத்தால் கண்ணாடிப் புட்டி வெடிக்கும், இதில் மட்டும் அவசரமே கூடாது.

39. புட்டிக்கு வெள்ளைச் சர்க்கரையே போதும். 10 லிட்டருக்கு 65 கிராமை ஒரு கப் தண்ணீரில் கொதிக்க வைத்து, அடைக்கும் வாளியில் முதலில் ஊற்றி, அதன்மேல் பியரைக் குழாய் வழியாக இறக்குங்கள். புட்டிக்குப் புட்டி ஸ்பூனில் போடுவதைவிட இது சீராகவும் வேகமாகவும் முடியும். புட்டிகள் அழுத்தம் தாங்கும் கனமான பியர்ப் புட்டிகளாக இருக்கட்டும்.

40. ஒரு புட்டியை மட்டும் கண்ணாடியில் அடைக்காமல் பிளாஸ்டிக் சோடா புட்டியில் அடையுங்கள். விரலால் அமுக்கிப் பார்த்துக் கல்லுப்போல் இருந்தால் மற்றவற்றிலும் காஸ் ஏறிவிட்டது என்று அர்த்தம். அறைச் சூட்டில் இரண்டு வாரம் ஆகும், அதன் பிறகே ஃபிரிஜ்ஜுக்கு மாற்றுங்கள்.

41. கண்ணாடித் தம்ளரில் ஊற்றிய கையோடு புட்டியை மூன்று தடவை வெந்நீரில் அலசிக் கவிழ்த்துவிடுங்கள். வண்டல் காய்ந்துவிட்டால் பிரஷ்ஷும் ஊறவைத்தலும் தேவைப்படும். உடனே அலசியதற்கு அடுத்த தடவை கிருமிநீக்கம் மட்டும் போதும்.